முப்பத்தொன்று, சோ ஃபார்

அவளை அண்ணி என்று கூப்பிட உரிமை உள்ளவள் உலகத்தில் ஒருத்திதான்: கணவனின் ஒரே தங்கை. அந்தத் தங்கை இதே விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அண்ணி, என் மேசை எது?" என்று கேட்டாள். கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது. மறுநாள் டிரைவர், "அண்ணி, சாம்பிள் பெட்டி வந்திருக்கு" என்றார். அவருக்கு அவளைவிட இருபது வயது கூட. வாரக் கடைசிக்குள் கூட்டிப் பெருக்க வருகிற அம்மா வரைக்கும் அண்ணி தொற்றிக்கொண்டது. ஏழு வருடம் அவள் அங்கே மேடம். அந்த மேடம் ஒரே வாரத்தில் போன இடம் தெரியவில்லை.

"வீட்டுப் பேரை வீட்டோட வெச்சுக்கயேன்" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள்.

"ஐயோ, உங்களை மேடம்னு கூப்பிட்டா எனக்குச் சிரிப்பு வந்துடும் அண்ணி" என்றாள் நாத்தனார். சொல்லும்போதே சிரித்தாள். கபடம் இல்லாத சிரிப்பு. அதுதான் அண்ணிக்கு எரிந்தது. கபடம் இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம்.

இத்தனைக்கும் வேலைக்கான விண்ணப்பத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தது அண்ணிதான். படித்துவிட்டு சும்மா இருக்கிறாளே என்று இரக்கப்பட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

அந்தக் கூடத்தில் அவர்கள் வேலை எண்ணுவது. ஒவ்வொரு விதைக் குவியலிலிருந்தும் நானூறு விதை எடுத்து, ஈரத் தாள் விரித்த நாலு தட்டில் நூறு நூறாக அடுக்கி, முளைப்பு அறைக்குள் வைப்பார்கள். அறை என்று பெயர்தான். ஆள் உயர இரும்பு அலமாரி. உள்ளே எப்போதும் வெதுவெதுப்பும் ஈரமும் இருக்கும். மிளகாய் என்றால் ஏழாம் நாள் முதல் எண்ணிக்கை, பதினாலாம் நாள் கடைசி எண்ணிக்கை. நடுவில் அந்தத் தட்டுகளைத் தொடக்கூடாது. நல்ல நாற்று, கோணல் நாற்று, செத்த விதை என்று இடுக்கியால் பிரித்து எண்ணி, தட்டோடு வைத்திருக்கிற அட்டையில் பென்சிலால் எழுத வேண்டும். பேனா ஆகாது, மை ஊறி ஓடிவிடும். ரப்பரும் ஆகாது. ஈர அட்டையில் ரப்பர் போட்டால் எழுத்து போகாது, அட்டைதான் உரியும். தப்பாக எழுதிவிட்டால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். இதையெல்லாம் நாத்தனாருக்குச் சொல்லிக்கொடுத்ததும் அண்ணிதான்.

ஏழாம் நாள் கணக்கை ஒரு சீட்டில் டைப் அடித்து, விதையை வாங்குகிற கம்பெனிக்கும் விளைவித்தவருக்கும் அனுப்புவார்கள். எண்ணியவர் அட்டையில் எழுதுவார். பக்கத்து மேசைக்காரர் அதைப் பார்த்துச் சீட்டு அடிப்பார். எண்ணியவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். தன் கணக்கைத் தானே காப்பி எடுத்தால் கண் ஏமாற்றும் என்பது முளைப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற சாருடைய சட்டம்.

சாருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. அதனால் அவருக்கு முதுகுக்குப் பின்னால் சோஃபார் சார் என்று பெயர். ஏழாம் நாள் எண்ணுக்குப் பின்னால் இங்கிலீஷில் 'சோ ஃபார்' என்ற இரண்டு வார்த்தை இல்லாமல் ஒரு சீட்டும் வாசல் தாண்டக்கூடாது. பதினாலாம் நாள் எண்ணுக்குப் பின்னால் அந்த இரண்டு வார்த்தை இருக்கவே கூடாது. பிள்ளை பெயரை மறந்தாலும் சார் இதை மறக்கமாட்டார் என்று டிரைவர் சொல்வார்.

நாத்தனார் சேர்ந்த இரண்டாம் வாரமே சாரிடம் நேராகக் கேட்டாள். "சார், சோ ஃபார்னா என்ன சார் சரியான அர்த்தம்? இதுவரைக்கும்தானே?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் அன்றைக்கு டீ தாமதம்.

"இதுவரைக்கும்தான். ஆனா சும்மா இதுவரைக்கும் இல்லம்மா. இன்னும் பாக்கி இருக்குன்னு ஒத்துக்கற இதுவரைக்கும். முடிஞ்சுபோன விஷயத்துக்கு அதைப் போடக்கூடாது. செத்தவரைப் பத்தி, சோ ஃபார் நல்லாத்தான் இருந்தார்னு யாராவது எழுதுவாங்களா?"

"எழுதினா அவர் எழுந்துடுவார் சார்."

சார் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணி அவர் சிரித்துப் பார்த்தது அது மூன்றாவது முறை.

"கதவு காத்துல சாத்திக்காம இருக்க அடியில ஒரு கல்லு வைப்போம்ல? அந்தக் கல்லு அது. விதை இன்னும் முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம். நமக்குத் தெரியாதுங்கறதை மரியாதையா சொல்ற வழி. ஏழு வருஷத்துல இதை என்கிட்ட கேட்ட முதல் ஆள் நீதாம்மா."

ஏழு வருடம் என்றால் அண்ணியின் ஏழு வருடம். அத்தனை நாளும் அவள் அந்த இரண்டு வார்த்தையை முத்திரை குத்துவதுபோல அடித்துக்கொண்டு இருந்தாள். ஒரு நாளும் தப்பாக அடித்ததில்லை, ஒரு நாளும் கேட்டதும் இல்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே என்று கேட்கவில்லை. இவளுக்கும் தெரியாதுதான். தெரியாததற்கே பாராட்டு வாங்கிக்கொண்டு போகிறாள்.

அன்று முதல் நாத்தனாருக்கு அந்த வார்த்தை வாயில் ஒட்டிக்கொண்டது. இரவுச் சாப்பாட்டில் அண்ணி, "எப்படி இருக்கு?" என்று கேட்டதும், "சோ ஃபார் நல்லா இருக்கு அண்ணி. இன்னும் அரைத் தட்டு பாக்கி" என்றாள்.

கணவனுக்குப் புரை ஏறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே, "வாயைப் பாரு வாயை" என்றான். மறுநாள் போனில் நண்பன் ஒருவனிடம் அதையே சொல்லிச் சிரித்தான். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அண்ணி சொன்ன ஒரு வார்த்தையைக்கூட அவன் யாரிடமும் எடுத்துச் சொன்னதில்லை.

வண்டியும் அப்படித்தான். கணவனின் வண்டியில் பின்சீட் ஒன்றுதான். காலையில் அண்ணியைக் கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் அவன் வேலைக்குப் போவான். நாத்தனாருக்குப் பஸ்ஸில் போனால் குமட்டும். "சின்ன வயசிலிருந்தே அவளுக்கு அப்படித்தான்" என்றான் அவன். பின்சீட் கை மாறியது. அண்ணி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் பஸ் நிற்கும்போது அந்த வண்டி பக்கத்தில் வந்து நிற்கும். நாத்தனார் மேலே பார்த்துக் கையாட்டுவாள். அண்ணியும் ஆட்டுவாள். வேறு என்ன செய்வது?

இவையெல்லாம்கூடப் போகட்டும். சார் மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்துக்கு மாறிப் போகிறார். போவதற்கு முன்னால் முளைப்புப் பிரிவின் பொறுப்பை ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். பட்டியல் நீளம் இல்லை. இரண்டே பேர். எட்டு மாதத்துக்கு முன்னால் பட்டியலே கிடையாது. அந்தப் பொறுப்பு அண்ணிக்குத்தான் என்பதை யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. சாரின் மேசைக்குப் பக்கத்து ஜன்னலில் எந்தத் திரை போடலாம் என்பது வரைக்கும் அவள் யோசித்து வைத்திருந்தாள். இப்போது டீ நேரத்தில் டிரைவர், "யாருக்கு வந்தாலும் ஒரே வீட்டுக்குத்தானே போகுது" என்றார். பெரிய சமாதானம் சொல்லிவிட்டதாக அவருக்கு நினைப்பு.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு மிளகாய்க் குவியலுக்கு ஏழாம் நாள். நாத்தனார் எண்ணி முடித்து, தட்டுகளைத் திரும்ப வைக்கும் முன் அட்டையை அண்ணியின் மேசையில் வைத்தாள். "முப்பத்தொண்ணு அண்ணி. சோம்பேறி விதை" என்றாள். மிளகாய் அப்படித்தான் என்பது இருவருக்கும் தெரியும். மெதுவாகத்தான் கண் விழிக்கும்.

அதற்குள் சார் கண்ணாடி அறையிலிருந்து நாத்தனாரைக் கூப்பிட்டார். ஏதோ ஒரு கம்பெனிக்காரர் போனில் இங்கிலீஷில் சண்டை. நாத்தனார் ரிசீவரை வாங்கிப் பேசினாள். இரண்டே நிமிடம். மறுமுனை அடங்கிவிட்டது என்பது சாரின் முகத்தில் தெரிந்தது. அறைக் கதவு ஒரு கை அளவு திறந்திருந்தது.

"மாசக் கடைசிக்கு அப்புறம் இதெல்லாம் நீதாம்மா பேசணும்" என்றார் சார்.

அண்ணி அட்டையைப் பார்த்தாள். முத்து முத்தான பென்சில் எழுத்து. முப்பத்தொன்று சதவீதம், சோ ஃபார். அந்த 'ஃபார்' முடிகிற இடத்தில் ஒரு சின்ன வால் சுழித்திருந்தது. யார் கேட்டார்கள் அந்த வாலை?

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்களே, அந்த வலி ஊர்ப் பிடாரிக்குத்தான் தெரியும். அவள் முப்பத்தொன்று என்று அடித்தாள். சதவீதம் என்று அடித்தாள். பிறகு ஒரு முற்றுப்புள்ளி வைத்தாள்.

மறதி என்று சொல்லிக்கொள்ள இடம் இருந்தது. ஆனால் மறதிக்கு விரல் நுனி இப்படிக் குளிராது.

என்ன ஆகிவிடும்? சார் பார்ப்பார். கையெழுத்துப் போடுகிற நாத்தனாரிடம், "என்னம்மா, நீயே விட்டுட்டியா?" என்பார். ஒரு சின்னக் கரும்புள்ளி, அவ்வளவுதான். நெல் அளவு குற்றம். அதற்கு மேல் அவள் ஒன்றும் நினைக்கவில்லை.

நாத்தனார் திரும்பி வந்து பேனாவை எடுத்தாள்.

"படிச்சுட்டுப் போடு" என்றாள் அண்ணி. அது மட்டும் எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"நீங்க அடிச்சதை நான் படிக்கணுமா அண்ணி? உங்க கண்ணுல படாத தப்பு என் கண்ணுலயா படப்போகுது?" கையெழுத்துப் போட்டாள். அட்டையைத் தட்டோடு சேர்த்து முளைப்பு அறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். சீட்டு சாருக்குப் போகவில்லை. அவர் அதற்குள் அடுத்த போனில் இருந்தார். டிரைவர் நேராகத் தபால் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை காலையில் அந்த மிளகாயை விளைவித்த விதைக்காரம்மா வந்தாள். குட்டையான பெண்மணி. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தச் சீட்டு. உள்ளே வரும்போதே குரல் முன்னால் வந்தது.

"எந்தப் புண்ணியவதி எண்ணினது என் விதையை?"

"உக்காருங்கம்மா" என்றார் சார்.

"உக்காரவா வந்தேன்? ஒன்பது மூட்டை. கம்பெனிக் கிடங்குல சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமா தள்ளிட்டாங்க. நூத்துக்கு அறுபதாவது முளைக்கணுமாம், முப்பத்தொண்ணுதான் முளைக்குதாம். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொளுத்திடுவாங்களாம். ஒரு வருஷம் குனிஞ்ச முதுகு சார் இது. நானே வீட்டுல ஒரு ஈரத்துணியில கட்டிப் பார்த்தேன். குபுகுபுன்னு வருது."

"முப்பத்தொண்ணு முதல் கணக்கும்மா. இன்னும் வரும்னு சீட்டுலயே இருக்குமே."

"எங்க இருக்கு? எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா கம்பெனிப் பையனுக்குத் தெரியுமில்ல? முடிஞ்ச கணக்குன்னு அவன் படிச்சுச் சொன்னான்." உறையை மேசையில் வீசினாள். "பத்து மாசம் வயித்துல இருக்கறதை அஞ்சாம் மாசமே எட்டிப் பார்த்துட்டு, கை கால் காணோம், செத்துடுச்சுன்னு எழுதுவீங்களா?"

சார் சீட்டைப் படித்தார். ஒரே ஒரு வரிதான். அதைப் படிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. பிறகு கம்பெனிக்குப் போன் செய்தார். எழுத்தில் கொடுத்ததை எழுத்தில்தான் மாற்ற முடியும், வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள் கடைசிக் கணக்கு வந்தால் பார்க்கலாம் என்றார்கள். விதைக்காரம்மா வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து வாசலில் உட்காருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

சார் இருவரையும் கூப்பிட்டார்.

"எண்ணினது யார்?"

"நான் சார்" என்றாள் நாத்தனார். முகம் வெளுத்திருந்தது.

"அட்டையில எழுதினியா?"

"எழுதினேன் சார். எழுதியிருப்பேன். எழுதாம எப்படி..." அவள் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள்.

சாரும் பார்த்தார். "நீங்க என்னத்தைப் பார்த்து அடிச்சீங்க?"

அப்போதுகூட மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சின்னக் கதவு ஒன்று திறந்தே இருந்தது. ஆனால் மறந்தவளுக்கா பொறுப்பைக் கொடுப்பார்கள்?

"அட்டையில இருந்ததைத்தான் சார் அடிச்சேன்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய பொய் என்று அவளுக்கே தெரிந்தது. அட்டை முளைப்பு அறைக்குள் இருக்கிறது. சத்தம் போடாமல், ஈரத்தில், பென்சில் எழுத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

"சரி. பதினாலாம் நாள் வரைக்கும் தட்டைத் தொடக்கூடாது. வெள்ளிக்கிழமை எண்ணும்போது அட்டையையும் பார்த்துடுவோம்" என்றார் சார். பிறகு அண்ணியிடம், "கடைசிக் கணக்கை நீங்களே எண்ணுங்க. உங்க கை தப்பாது" என்றார்.

ஏழு வருடம் காத்திருந்த வார்த்தை. வந்த நேரத்தைப் பாருங்கள்.

வியாழக்கிழமை வீட்டில் நாத்தனார் சாப்பிடவில்லை. கணவன் தட்டை எடுத்துக்கொண்டுபோய் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். "ரெண்டு வாய் சாப்பிடு. தப்பு யாருக்குத்தான் வராது?" என்று கெஞ்சினான். அண்ணிக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் மாத்திரை அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனவன். தப்பு செய்தாலும் தலைதடவல் அவளுக்குத்தான். அண்ணி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள்.

நாத்தனார் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. நான் எழுதலையா? எழுதினது கண்ணுக்குள்ள இருக்கு. ஆனா தினமும் எழுதறதால, அன்னைக்கு எழுதினதுதானா இதுன்னு தெரியலை. எனக்கே என் மேல நம்பிக்கை போயிடும்போல இருக்கு."

"அதான் நாளைக்குப் பார்க்கப் போறோமே."

"விதை செத்துப்போயிருந்தாகூட நல்லதுன்னு தோணுது அண்ணி. அந்தம்மாவுக்கு நஷ்டம் என்னால இல்லன்னு ஆகும். எவ்வளவு கேவலமா நினைக்கறேன் பாருங்க."

அண்ணி குழாயை வேகமாகத் திறந்தாள். அதே வேண்டுதலை அவள் புதன்கிழமையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தாள். முளைக்காதே, முளைக்காதே என்று. ஏழு வருடம் முளைக்க வைத்துச் சம்பளம் வாங்கியவள். ஒரே வேண்டுதல்தான். ஆனால் நாத்தனார் அதை வெளியே சொல்லி வெட்கப்படுகிறாள். இதிலும் அவளே மேல்.

வெள்ளிக்கிழமை காலை. விதைக்காரம்மா சொன்னபடி வாசல் பெஞ்சில். அண்ணி முளைப்பு அறையைத் திறந்தாள். வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. தட்டைப் பாதி இழுத்தபோதே தெரிந்துவிட்டது.

பச்சை. தட்டு நிறையப் பச்சை.

இன்னும் ஒரு வழி இருந்தது. நல்ல நாற்றா, கோணல் நாற்றா என்று தீர்ப்பு சொல்வது எண்ணுகிறவர்தான். நூற்றுக்கு ஓர் இருபத்தைந்தைக் கோணல் என்று ஒதுக்கினால் அறுபதுக்குக் கீழே போய்விடும். சீட்டிலிருந்த முற்றுப்புள்ளியும் பெரிய பாவம் இல்லை என்று ஆகிவிடும். மனசு இந்தக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டது. இடுக்கி மட்டும் கேட்கவில்லை. முதல் நாற்றின் வேர் கொஞ்சம் வளைந்திருந்தது. கை தானாக அதை நல்லதன் பக்கம் வைத்தது. அது நல்லதுதான். அடுத்ததும் நல்லதுதான். மனசு ஆயிரம் சொல்லட்டும், கண் பார்த்ததைக் கை மாற்றி வைக்க மறுத்தது. ஐம்பத்திரண்டு, நாற்பத்தெட்டு, ஐம்பத்தொன்று, நாற்பத்தொன்பது. நாலு தட்டுக்குச் சராசரி ஐம்பது. ஏழாம் நாள் எண்ணி எடுத்த முப்பத்தொன்றோடு சேர்த்தால் எண்பத்தொன்று.

பிறகு அட்டை. கடைசித் தட்டின் அடியில் சொட்டச் சொட்ட இருந்தது. முத்து முத்தான எழுத்து, வால் உட்பட.

அவள் பென்சிலைத் திருப்பினாள். பின்னால் ரப்பர் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. வாலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஒரு இழுப்புத்தான். எழுத்து அப்படியே இருந்தது. அட்டையின் மேல்தோல் சுருண்டு வந்தது. அதற்கடியில் பென்சில் அழுத்திய தடம் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது.

அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. ரப்பர் ஆகாது, அட்டைதான் உரியும். இந்த மேசையில் நின்று, விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தானே.

எண்ணிக்கைத் தாளையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனாள். அட்டையை உள்ளங்கைக்குள் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். நனைந்துபோச்சு, தெரியலை என்று சொல்லிவிடலாம். ஈரத்துக்கு வாய் இல்லை. நாத்தனார் ஏற்கெனவே உள்ளே நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எண்பத்தொண்ணு சார்" என்றாள் அண்ணி.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். சார் ஒரு தாளை இழுத்துக் கணக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு, டிரைவரைக் கூப்பிட்டுக் கம்பெனிக்கு உடனே ஓடச் சொன்னார். வாசலில் டிரைவர் ஏதோ சொன்னார். விதைக்காரம்மாவின் குரல் கூரைக்கு எழும்பியது. திட்டா வாழ்த்தா என்று பிரிக்க முடியவில்லை. பிறகு சார் கையை நீட்டினார்.

"அட்டை?"

அண்ணி கொடுப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். "பார்க்க வேண்டாம் சார். நான்தான் விட்டிருப்பேன். ராத்திரி பூரா யோசிச்சேன். அண்ணி எதையும் விடறவங்க இல்ல. அட்டையில இருந்திருந்தா அவங்க அடிச்சிருப்பாங்க. அப்ப அது அட்டையில இல்ல. அவ்வளவுதான் சார் கணக்கு."

நல்ல கணக்கு. ஒரு இடத்தில்தான் தப்பு. அந்த இடத்தில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள்.

பழி போட்டிருந்தால் தாங்கியிருப்பாள். எதிர்த்து நின்றிருப்பாள். நம்பிவிட்டாள், பாவி.

அண்ணி உள்ளங்கையைத் திருப்பி அட்டையை மேசையில் வைத்தாள். "எழுதியிருக்கா சார். நான்தான் அடிக்கலை."

சார் அட்டையைப் பார்த்தார். உரிந்த இடத்தைப் பார்த்தார். "மறந்துட்டீங்களா?"

"இல்ல சார்."

நாத்தனார் அட்டையைக் கையில் எடுத்தாள். உரிந்த தோலை விரலால் தடவிச் சரியாக்கப் பார்த்தாள். அது ஒட்டவில்லை.

"மூணு நாள்" என்றாள். குரல் மிகச் சின்னதாக இருந்தது. "மூணு நாளா எனக்குப் பைத்தியம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அடுக்களையில வந்து உங்ககிட்டத்தானே கேட்டேன்?"

நாத்தனார் வெளியே போய்விட்டாள்.

சார் கத்தவில்லை. மாதக் கடைசியில் பொறுப்பு உத்தரவு வந்தது. அதில் யார் பெயர் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அண்ணியைக் கூப்பிட்டு ஒன்று மட்டும் சொன்னார்: "காப்பி எடுக்கற வேலை உங்ககிட்டயேதான் இருக்கும். இனிமே அந்த ரெண்டு வார்த்தையை உங்களைவிட ஜாக்கிரதையா அடிக்க ஆள் கிடையாது."

சார் போனபிறகு முதல் திங்கட்கிழமை நாத்தனார் ஒரு தட்டோடு வந்தாள். அட்டையை மேசையில் வைத்தாள்.

"மேடம், இதுக்குச் சீட்டு."

சிரிப்பு வரவில்லை அவளுக்கு. அண்ணி நிமிர்ந்து பார்ப்பதற்குள் போய்விட்டாள். மறுநாள் டிரைவர், "மேடம், சாம்பிள் பெட்டி" என்றார். வாரக் கடைசிக்குள் பெருக்க வருகிற அம்மாவும் மேடத்துக்கு வந்துவிட்டாள். எட்டு மாதம் அவள் ஏங்கிய மேடம் ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது.

வந்தது அது மட்டுமில்லை. நாத்தனார் இப்போது பஸ்ஸில் போகிறாள். குமட்டினால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்வேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள். காரணத்தை அவள் வீட்டில் சொல்லவில்லை. அண்ணியேதான் கணவனிடம் சொன்னாள். அவன் இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "வா" என்றான்.

கூடத்தில் அண்ணி இப்போது சீட்டு அடிக்கும் விதம் வேறு. முதலில் 'சோ ஃபார்' என்று அடித்துவிடுவாள். முன்னால் இடம் விட்டு, எண்ணை அப்புறம் அடிப்பாள். அடிக்கும்போது அட்டையைப் பார்த்தால் இன்றைக்கும் அந்த வால் கண்ணை உறுத்தும். பொறாமை அவ்வளவு சீக்கிரம் செத்துவிடுகிற விதை இல்லை.

ஒரு காலை சிக்னலில் வண்டி நின்றது. பக்கத்தில் பஸ். ஜன்னலோரம் நாத்தனார், மடியில் பை. அண்ணி பின்சீட்டிலிருந்து மேலே பார்த்தாள். கை கொஞ்சம் எழும்பியது. நாத்தனார் அவளைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். பஸ் நகர்ந்துவிட்டது.

"இன்னும் உன்கூட பேசலையா அவ?" என்றான் கணவன், திரும்பாமலே.

"இல்ல" என்றாள். பிறகு, "இதுவரைக்கும்" என்றாள்.

"அப்படின்னா?"

"அப்படின்னா ஒண்ணுமில்ல. பச்சை விழுந்துடுச்சு, வண்டியை எடுங்க."